உப்பு மறந்த பட்டை பன்

போன வாரம் மகள் சென்னையிலிருந்து வந்தபோது ஒரு மின்சார அடுப்பையும் கூடவே கொண்டுவந்தாள். கண்ணாடிக் கதவு, உள்ளே மஞ்சள் விளக்கு, டிக் டிக் என்று ஓடித் தானே நின்றுகொள்ளும் ஒரு திருகு. பார்க்கக் குட்டி டிவி மாதிரியே இருந்தது. நானும் பழக்கதோஷத்தில் அதற்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னப்பா, நியூஸா பாக்குறீங்க?" என்றாள் மகள்.

அவள் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, அதில் சொன்னபடியே மைதா மாவை அகலமாகத் தேய்த்தாள். வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, துண்டு போட்டு உள்ளே வைத்தாள். சினமன் ரோலாம். "அம்மா, ஒனக்கு இது தெரியாதுல்ல? வந்து பாரு" என்று கூப்பிட்டாள். என் மனைவி கோகிலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "தெரியாதும்மா, நீயே பண்ணு" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பிலிருந்து அந்த வாசம் கிளம்பி வந்தது. சூடான வெண்ணெயும் பட்டையும் கலந்த வாசம். அது மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் காது மடல் சூடாகிவிடும். வெட்கத்தில்தான். ஏன் என்று மகளுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பட்டையைப் பற்றி. எங்கள் பக்கம் பட்டைக்கு வேலை கறிக்குழம்பில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மியில் பட்டையும் சோம்பும் அரைபடுகிற வாசம் வந்தால் அன்றைக்கு வீட்டில் கறி என்று அர்த்தம். அதை இனிப்பில் போடுவது என்பது பாயசத்தில் பூண்டு போடுகிற மாதிரி. கல்யாணமான புதிதில் கோகிலா, "எங்க அம்மா பட்டை பன் சுடுவாங்க, அவ்ளோ நல்லாருக்கும்" என்று சொன்னபோது, உள்ளே கறி வைத்த பன் என்றுதான் நான் நினைத்தேன். கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது.

கோகிலா எனக்கு முறைப்பெண்தான், ஆனால் மலையில் வளர்ந்தவள். அவளுடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் இங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், பிறகு அங்கிருந்து திரும்பி, குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. அவளுடைய அம்மா, அதாவது என் மாமியார், கொஞ்ச காலம் தோட்டத்து பங்களா சமையலறையில் வேலை பார்த்தவர். ரொட்டி, கேக், இந்தப் பட்டை பன் எல்லாம் அங்கே கற்றுக்கொண்டது. தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்திருக்கும் லைன் வீட்டில், பிஸ்கட் டின்னை அடுப்பாக மாற்றிப் பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுத்திருக்கிறார். அப்பா இல்லாத வீட்டில் அந்த பன்தான் பிறந்த நாள், பண்டிகை, பரீட்சையில் பாஸான சந்தோஷம் எல்லாம்.

நான் அப்போது திருவரங்குளத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். வீட்டில் நானும் என் ஆத்தாவும் மட்டும். எங்கள் வீட்டில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். தை மாதம் கல்யாணம். கோகிலா வந்தபோது எங்கள் ஊர் நன்றாகத்தான் நடந்துகொண்டது. மாசியில் தன் வெயில் முகத்தைக் காட்டியது. பங்குனியில் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. இரண்டு வேளை குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சுவரோரமாகச் சும்மா உட்கார்ந்திருப்பாள். அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. ஆபீஸ் கதைகள் சொல்வேன். மரியாதைக்குச் சிரிப்பாள்.

சித்திரையில் ஒருநாள் அவளாகவே கேட்டாள். "இங்க ஈஸ்ட் கிடைக்குமா? ஞாயித்துக்கிழமை பன் சுடலாம்னு இருக்கேன்."

அவள் எதையாவது ஆசைப்பட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மளிகைக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ரொம்ப யோசித்து, வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கிற உப்பு ஒரு பொட்டலம் கொடுத்தார். அதையும் வாங்கி வந்தேன் பாருங்கள். பிறகு அவள் விளக்கிச் சொல்ல, ஆலங்குடி பேக்கரி ஒன்றில் கெஞ்சி ஒரு சின்னப் பொட்டலம் ஈஸ்ட் வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பாடிக்கொண்டே மாவு பிசைந்தாள். பாட்டுக்கூடப் பாடுவாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து, பெரிய பாத்திரத்தில் வைத்துத் தட்டால் மூடி, அதன்மேல் மலையிலிருந்து கொண்டுவந்த கம்பளியைச் சுற்றி, அடுப்பங்கரை மூலையில் வைத்தாள். "மத்தியானத்துக்கு மேல பாத்தா ரெண்டு மடங்கா உப்பியிருக்கும்" என்றாள். கீரமங்கலத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மூன்று பேரும் கிளம்பிப் போய்விட்டோம்.

மூன்று மணி வாக்கில் திரும்பி வந்தோம். கதவைத் திறந்ததும் ஆத்தாதான் முதலில் உள்ளே போனது. போன வேகத்தில் வெளியே வந்தது.

"அடியாத்தி! எவன்டா நம்ம வீட்ல சாராய ஊறல் போட்டவன்?"

மாவு தட்டைத் தூக்கிக் கீழே தள்ளிவிட்டு, கம்பளியை நனைத்து, தரையில் இறங்கி, அம்மி வரைக்கும் வந்திருந்தது. மேலெல்லாம் கொப்புளம். புளித்த கள் வாசம் வீட்டையே தூக்கியது. கோகிலா பதறிப்போய், "இல்லங்க அத்தை, அது பட்டை பன்னுக்கு வச்சது" என்றாள். ஆத்தா காதில் 'பட்டை' மட்டும்தான் விழுந்தது. எங்கள் ஊரில் பட்டை என்றால் குழம்புக்குப் போடுவது ஒன்று, காட்டுக்குள் மறைவாகக் காய்ச்சுகிற பட்டைச் சாராயம் இன்னொன்று. "பட்டையா? நம்ம வீட்லயா? எங்க வம்சத்துல ஒருத்தன் தொட்டதில்லையே!" என்று ஆத்தா தலையில் கைவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

கோகிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையிலிருந்த மாவை வழித்து எடுக்க ஆரம்பித்தாள். அந்த மாவு எப்படி ஒட்டும் தெரியுமா? விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாளித் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். மறுநாள் பஸ் ஸ்டாப் டீக்கடையில், ஆபீஸ் கூட்டாளிகள் நாலைந்து பேர் நடுவில், இதை நான் நடித்தே காட்டினேன். ஆத்தா மாதிரி தலையில் கைவைத்து, கோகிலா மாதிரி முழித்து. எனக்கு அப்போது ஒரு கதை சொல்லிப் பத்துப் பேரைச் சிரிக்க வைத்துவிட்டால் போதும், வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. டீக்கடைக்காரர் வடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவ்வளவு வெற்றி.

அந்த வாரமே கதை தெருக்குழாய்க்கு வந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போன கோகிலாவிடம் ஒரு பெண், "என்ன கோகிலா, ஒங்க வீட்டுச் சரக்கு எறங்கிருச்சா? எங்க வீட்டு ஆம்பளைய அனுப்பி விடவா?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்குள் நடந்தது வெளியே எப்படிப் போனது என்று அவளுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து, "அம்மாவப் பாத்துட்டு பத்து நாள்ல வந்துடுறேன்" என்றாள். அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப் போனார். பஸ் கிளம்புகிறபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் இருபது ஆனது. நாற்பதும் ஆனது. நான்கு இன்லண்டு லெட்டர் எழுதினேன். 'இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்து, வெயிலைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, 'மற்றவை நேரில்' என்று முடிப்பேன். எனக்கு ஆபீஸ் கடிதம் எழுதித்தான் பழக்கம். எழுத வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை. பதில் வரவில்லை.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு ஆத்தா சொன்னது: "நான் வாய விட்டது தப்புதான்டா. என் வயசுக்குத் தகுந்த வார்த்தையா அது? ஆனா நீ சிரிச்ச பாரு, அது அதவிடத் தப்பு. நானாச்சும் புரியாமப் பேசுனேன். ஒனக்குப் புரிஞ்சிச்சுல்ல?"

மறுநாள் ஆபீஸ் முடிந்து நேராக ஆலங்குடிக்குப் போனேன். ஈஸ்ட் கொடுத்த அதே பேக்கரி. மாஸ்டர் கோட்டைப்பட்டினத்துக்காரர், பாய். முழங்கை வரை மாவு பூசிய ஒல்லியான மனிதர். நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை நடித்துக் காட்டவில்லை. அவர் மாவை அடித்துப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"கம்பளி போட்டா மூடுனாங்க?"

"ஆமா பாய்."

"அப்ப கைப்பக்குவம் தெரிஞ்ச பொண்ணுதாங்க. மலைக் குளிர்ல மாவு தூங்கித் தூங்கி எந்திரிக்கும், கம்பளி போட்டாத்தான் சரியா வரும். நம்ம ஊரு வெக்கையில அது ஓட்டமா ஓடும். ஈஸ்ட்டக் கால்வாசியாக் கொறைக்கணும், பானைத் தண்ணி விட்டுப் பெசையணும், விடியறதுக்குள்ள வேலைய முடிச்சுறணும். மாவு மேலயும் தப்பு இல்ல, அந்தப் பொண்ணு மேலயும் தப்பு இல்ல. இத நீங்க வீட்ல எடுத்துச் சொல்லலையா?"

"இல்ல பாய். சிரிச்சுட்டேன்."

அவர் மாவைத் தூக்கிப் பலகையில் ஓங்கி அடித்தார். பிறகு, "எனக்கு இந்தப் பட்டை பன் தெரியாது, மாவு தெரியும். நாளைக்கும் வாங்க, காட்டித் தாரேன்" என்றார்.

ஒரு வாரம் தினமும் போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிழக்கு வெளுக்கிற நேரத்தில் மாவு பிசைந்தேன். ஈரமணலில் பாத்திரத்தை இறக்கி வைத்தேன். கோகிலா சொல்லியிருந்ததை ஞாபகத்தில் தேடித் தேடி, வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் பட்டைத்தூளும் ஏலக்காயும் தடவிச் சுருட்டினேன். சுருட்டியது கோரைப்பாய் மாதிரி இல்லை, மழையில் நனைந்த போர்வை மாதிரி இருந்தது. பழைய அண்டாவில் மணல் பரப்பி, அதற்குள் தட்டை வைத்து மூடி, அடியிலும் மூடிமேலும் கரிக் கங்கு. ஆத்தா முதலில் தூரத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தது. கங்கு அணையப் போகிறது என்றதும் பொறுக்க முடியாமல், "தள்ளு அங்கிட்டு. ஊதத் தெரியுதா ஒனக்கு?" என்று விசிறியைப் பிடுங்கிக்கொண்டது.

பன்னிரண்டு பன். அடி தீய்ந்தது மூன்று. நடு வேகாதது நான்கு. மிச்சம் ஐந்து, பார்க்க பன் மாதிரியே இருந்தன. ஒரு தூக்குவாளியில் போட்டு, துணி சுற்றிக்கொண்டேன்.

மறுநாள் அதிகாலை முதல் பஸ். திருச்சி, அங்கிருந்து கோயம்புத்தூர், பிறகு மேட்டுப்பாளையம். மலை ஏற ஏறக் குளிர்ந்தது. வாளியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பன் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்திருந்தது. லைன் வீட்டு வாசலில் போய் நின்றபோது சாயங்காலம் ஐந்து மணி. கதவைத் திறந்தது மாமியார்.

"வாங்க மாப்ள" என்றார். உள்ளே போய் டீ போட ஆரம்பித்தார்.

கோகிலா சுவரோரம் நின்றாள். இரண்டு மாதத்தில் வேர்க்குரு எல்லாம் போய், முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்ததும், வந்திருக்கவே கூடாதோ என்றுகூட ஒரு நினைப்பு. வாளியை நீட்டினேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன இது?"

"பட்டை பன்."

"கடையிலயா?"

"நான்தான் சுட்டேன். ஆத்தா விசிறுச்சு."

ஒரு பன்னை எடுத்துக் கதவுச் சட்டத்தில் தட்டினாள். டொக் டொக் என்று, தேங்காயைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற மாமியாரின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு நியாயம்தான் என்று பட்டது.

"கோகிலா, நான் சிரிச்சிருக்கக் கூடாது. டீக்கடையில போயிச் சொன்னதும் நான்தான்" என்றேன். பதினோரு மணி நேர பஸ் பயணத்தில் நான் தயார் செய்து வைத்திருந்தது நிறைய. வாயில் வந்தது இவ்வளவுதான்.

அவள் கீழே உட்கார்ந்து, பன்னை டீயில் முக்கி முக்கி, முழுசும் சாப்பிட்டாள். அவசரமே இல்லாமல். கடைசி வாயை முழுங்கிவிட்டுச் சொன்னாள். "உப்பு போடல நீங்க."

பாய் பத்துத் தடவை சொல்லியிருந்தார், உப்பை மறக்காதீங்க என்று.

"அங்க எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சப்ப, நீங்க ஒருத்தராவது என் பக்கம் நிக்கலையேன்னுதான்" என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது. "வரேன். ஆனா அந்தக் கடையில போயி, அதே ஆளுங்ககிட்ட நீங்களே சொல்லணும். என்ன நடந்துச்சுன்னு, சரியாச் சொல்லணும்."

சொன்னேன். ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள், கோகிலா தன் கையால் சுட்ட பன்னை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அவள் கூட வரவில்லை. ஆனால் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு நான் சொன்ன கதையில் பாதி எனக்கே புரியாமல் சொன்னது, வெயில்தான் மாவைக் கெடுத்தது, சொல்லிச் சிரித்தது என் தப்பு என்று சொன்னேன். ஆளுக்கொன்று எடுத்துத் தின்றார்கள். கடைசியில் டீக்கடைக்காரர்தான் விரலை நக்கிக்கொண்டு கேட்டார், "இன்னும் ரெண்டு இருக்குமா சார்?"

அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் எங்கள் வீட்டில் மாதம் ஒரு தடவையாவது பட்டை பன் உண்டு. கோகிலா எங்கள் ஊர் வெயிலோடு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டாள். ஐப்பசி மழையில் இத்தனை, பங்குனியில் இத்தனை என்று ஈஸ்ட்டை விரல் நுனியாலேயே அளப்பாள். ஆத்தா ஒரு வருஷம் வீம்பாகத் தொடாமல் இருந்துவிட்டு, அப்புறம், "அந்தச் சுருட்டையில ஒண்ணு குடு, வாசம் ஆளத் தூக்குது" என்று கேட்டு வாங்கித் தின்றது. 'பட்டை' என்ற சொல்லைக் கடைசி வரைக்கும் வாயில் எடுக்கவில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி வந்த பிறகுதான் கோகிலா சுடுவதை நிறுத்தினாள். மகள் அப்போது சின்னக் குழந்தை. அதனால்தான் அவளுக்கு ஞாபகம் இல்லை.

இப்போது ஆத்தா இல்லை. டீக்கடை இருந்த இடத்தில் ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். பாய் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார் என்று சொன்னார்கள். மாமியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லைன் வீட்டை விட வேண்டியதாகிவிட்டது. வேலை இருக்கிற வரைக்கும்தான் அங்கே வீடு. கோயம்புத்தூரில் மகன் வீட்டில் சில காலம் இருந்து, அங்கேயே காலமானார்.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ஊட்டிக்குப் போனபோது, கோகிலா டிரைவரிடம் வழி சொல்லி அந்தத் தோட்டத்துக்குக் காரைத் திருப்பச் சொன்னாள். லைன் வீடுகளை இடித்துவிட்டிருந்தார்கள். வரிசையாகத் தேயிலைச் செடி வைத்திருந்தார்கள். அவள் இறங்கி, செடிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்து, ஓர் இடத்தில் நின்றாள். நான் பின்னாலேயே போனேன்.

"இங்கதான் நீங்க வாளியோட நின்னது" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன். அங்கே ஒரு வாசல் இருந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. கல்யாணமான புதிதில் அவளுக்குக் கோபித்துக்கொண்டு போவதற்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடம் இருந்ததால்தான் நான் திருந்தினேன் என்று நினைக்கிறேன். இப்போது எங்களுக்குள் சண்டை வந்தால் அவள் மொட்டைமாடிக்குப் போய்த் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறாள், அது காய்ந்து மணிக்கணக்காகியிருந்தாலும். நானும் பின்னாலேயே படியேறிப் போகிறேன். அவள் போவதற்கு இப்போது வேறு இடம் இல்லை என்று தெரிந்திருப்பதால், முன்னைவிட வேகமாகவே ஏறுகிறேன்.